இரவு ஏழு மணிக்கு ஜன்னல்களை எண்ணுங்கள்: கோவையில் முதியோர் குடியிருப்பு தேடத் தொடங்குவோருக்கு

முதியோர் குடியிருப்பு தேடும் வீடுகளில் தேடல் பெரும்பாலும் ஒரு விளம்பரத்தில்தான் தொடங்குகிறது. மலையடிவாரம், நடைபாதை, பிள்ளையார் கோயில், நூலகம், கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர். குடிபோய் எட்டாவது வருடம் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் அந்த இடம் உங்களை வைத்துக்கொள்ளுமா, இல்லை பிள்ளைகளுக்குப் போன் போட்டு அழைத்துப் போகச் சொல்லுமா என்பது எந்தப் படத்திலும் இருக்காது. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பல இடங்கள் முதல் வாரத்திலேயே பட்டியலை விட்டுப் போய்விடும்.

இங்கே கோயம்புத்தூரை வைத்துச் சொல்கிறோம். வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலை, கோவைப்புதூர், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று நகரத்தின் மேற்கிலும் வடக்கிலும் இந்த வகைக் குடியிருப்புகள் நிறைய. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம், சென்னையை விட மலிவான நிலம் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தவை. கேட்க வேண்டிய கேள்விகள் ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் இவைதான்.

பெயர்ப் பலகையை விட்டுவிடுங்கள்

சீனியர் லிவிங், ரிட்டயர்மென்ட் ஹோம், ஆனந்த நிலையம் என்று பலகையில் எதுவும் இருக்கலாம். உள்ளே நடப்பதை வைத்துப் பிரித்தால் மூன்று வகை. முதலாவது இன்டிபென்டன்ட் லிவிங்: தனி வீடு, சிறு சமையலறை, பொது மெஸ்ஸில் சாப்பாடு, வீடு பெருக்கித் துடைக்க ஆள், ஆபத்துக்கு அழுத்த ஒரு அழைப்பு மணி. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கானது. இரண்டாவது அசிஸ்டட் லிவிங்: குளிக்க வைப்பது, உடுத்த உதவுவது, வேளைக்கு மாத்திரை கொடுப்பது வரை ஆள் இருக்கும். மூன்றாவது மறதிநோய் உள்ளவர்களுக்கான பராமரிப்பு. வாசல் கண்காணிப்பில் இருக்கும், பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

கோவையில் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி முதல் வகை. இரண்டாம் வகையும் அதே வளாகத்தில் இருந்தால் நல்லது. "அடுத்த கட்டத்தில் வரப்போகிறது" என்று சொன்னால் உங்கள் நோட்டில் "இல்லை" என்றே எழுதிக்கொள்ளுங்கள். வராமலே போன கட்டங்கள் உண்டு.

முதலில் உடம்பைக் கணக்கெடுங்கள்

வீடு பார்க்கும் முன் ஆளைப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் அன்றாடச் செயல்பாட்டை ஆறு காரியங்களால் அளக்கிறார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவரால் முடியாததை மற்றவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பார். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அம்மா தினமும் அப்பாவுக்குக் கால்சட்டை மாட்டிவிடுகிறார் என்றால் அப்பாவுக்கு உதவி தேவை என்றுதான் எழுத வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு மாடிப்படி ஏறும் வில்லா வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மறதியில் இரண்டு விதம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நிற்பது வயசுக்கு உரியது. எரிகிற அடுப்பை விட்டுப்போவது, முப்பது வருடமாக நடந்த தெருவில் வழி தவறுவது, ஒரே கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டுவது வேறு. இரண்டாவது வகை தெரிந்தால் இடம் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அவர் சொல்வதை வைத்துத் தேடவேண்டிய வகையே மாறிவிடும்.

பணம்: இன்றைய விலையில் கணக்குப் போடாதீர்கள்

கையைக் கடிப்பது பெரும்பாலும் வீட்டு விலை அன்று, மாதச் செலவு. பராமரிப்புக் கட்டணம், சாப்பாடு, மின்சாரம், மருந்து, தேவைப்பட்டால் தனிச் செவிலியர், மருத்துவமனைக்குப் போகவர வண்டி. கேட்கும்போதே "ஜிஎஸ்டி சேர்த்தா?" என்று கேளுங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்குப் பொதுவாக 18 விழுக்காடு வரும். சொன்ன தொகைக்கும் பில்லில் வரும் தொகைக்கும் இடைவெளி அங்கேதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் சேர்த்து மாதம் 35,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏற்றம் என்று வைத்தால், பத்தாவது வருட முடிவில் சுமார் 75,500; பதினைந்தாவது வருட முடிவில் 1,11,000. எதிர்ப்பக்கம் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்ச வரம்பு 30 லட்சம். 8.2 விழுக்காடு வட்டிக்கு அது காலாண்டுக்கு 61,500 ரூபாய் தரும். அந்தத் தொகை ஐந்து வருடமும் அப்படியே நிற்கும், ஒரு ரூபாய் ஏறாது. ஏறும் செலவையும் ஏறாத வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றைக் கேட்கப் பலருக்கும் வாய் வராது: ஒருவர் போய்விட்டால்? அரசு ஓய்வூதியம் வழக்கமாகக் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு. குடும்ப ஓய்வூதியம் 30. வருமானம் குறையும், பராமரிப்புக் கட்டணம் பல இடங்களில் குறையாது, ஏனென்றால் அது வீட்டின் சதுர அடிக்குப் போட்டது. தனி ஆளாகும்போது என்ன கட்டணம் என்று தெரிந்துகொண்டு, கணக்கை அந்தக் குறைந்த வருமானத்தில் போடுங்கள்.

எப்படி எடுப்பது என்பதிலும் மூன்று வழி. கிரயம், திரும்பக் கிடைக்கும் பெரிய வைப்புத்தொகை கொடுத்து நீண்டகாலக் குத்தகை, மாத வாடகை. முதல் முறை போகிறவர்களுக்கு வாடகையோ குறுகிய குத்தகையோதான் எங்கள் சிபாரிசு. பிடிக்காவிட்டால் வெளியே வர முடியும். வைப்புத்தொகை என்றால் வருடத்துக்கு எத்தனை விழுக்காடு கழிப்பார்கள், காலி செய்த எத்தனை நாளில் பணம் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். "அடுத்த குடித்தனக்காரர் வந்த பிறகு" என்று இருந்தால் அது தேதியே இல்லை. பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க: வழக்கமான விலக்கு குறிப்பிட்ட காலத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ கட்டினாலோதான். குத்தகை வைப்புத்தொகை கொடுத்ததை வீடு வாங்கியதாகக் காட்டுவது கடினம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

போனிலேயே வடிகட்டுங்கள்

பத்துப் பன்னிரண்டு இடங்களின் எண்களை எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் பேசிவிடலாம். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

- இப்போது எத்தனை வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்? (எத்தனை விற்றன என்பது வேறு கேள்வி.)
- இரவு பத்து மணிக்கு மேல் வளாகத்தில் எத்தனை செவிலியர்? நர்ஸ் படிப்பு படித்தவரா, உதவியாளரா?
- படுக்கையில் விழுந்தவர், மறதிநோய் வந்தவர் இப்போது யாராவது இருக்கிறார்களா? அவர்களை யார் பார்க்கிறார்கள்?
- கட்டியவரும் நடத்துகிறவரும் ஒருவரா? நடத்துகிறவரின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது?
- சைவம் மட்டுமா? வீட்டுக்குள் முட்டை, மீன் சமைக்கலாமா?

கடைசிக் கேள்வி சிலருக்குச் சின்னதாகத் தெரியும். கோவையில் பல வளாகங்கள் சைவம் மட்டுமே. சில இடங்களில் வெங்காயம் பூண்டும் கிடையாது. அறுபது வருடம் வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிட்டவர் அங்கே போனால் மூன்றாவது மாதம் சாப்பாட்டை வைத்து எல்லாவற்றின் மேலும் எரிச்சல் வரும். சில இடங்கள் குறிப்பிட்ட சமூகத்தாரை மனதில் வைத்தே நடக்கின்றன, பலகையில் எழுதாவிட்டாலும். மெஸ்ஸில் ஒரு வேளை உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு "எங்களிடம் எல்லா வசதியும் உண்டு சார்" என்ற பதில் வந்தால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். இப்போது அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளப் பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என்று சொல்கிற இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்கள் மிஞ்சினால் போதும்.

நேரில் போகும்போது

இரண்டு முறை போக வேண்டும். ஒன்று சொல்லிவிட்டு, ஒன்று சொல்லாமல். முடிந்தால் ஒரு முறை ஏப்ரல், மே மாதத்தில்; தண்ணீர் நிலவரம் அப்போதுதான் தெரியும். சிறுவாணி இணைப்பு இருக்கிறதா, இல்லை போர்வெல்லும் டேங்கர் லாரியும்தானா என்று அலுவலகத்தில் கேட்பதோடு அங்கே துணி துவைக்கும் பெண்ணிடமும் கேளுங்கள்.

சொல்லாமல் போகும் நாளில் மாலை ஏழு மணிக்குக் கட்டடத்துக்கு எதிரே நின்று விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் "பிற்காலத்துக்கு ஆகட்டும்" என்று வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் இந்த வளாகங்களில் நிறைய. 100 வீட்டில் 35 விளக்கு எரிந்தால் மெஸ் நடத்துவது கட்டுபடியாகாது. சமையல்காரர் நிற்கமாட்டார், கட்டணம் ஏறும், கேரம் ஆட நாலு பேர் சேரமாட்டார்கள். விளம்பரத்தில் "முழுவதும் விற்பனையாகிவிட்டது" என்று போட்டிருப்பது இதே வளாகத்தைத்தான்.

வீட்டுக்குள் போனதும் நேரே குளியலறைக்குப் போங்கள். கதவு உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கமா? உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். வாசல் அகலம் 3 அடி, அதாவது 900 மில்லிமீட்டர். நம் ஊரில் வழக்கமாக வைக்கும் இரண்டரை அடிக் கதவில் நிலைச்சட்டம் போக மிஞ்சும் இடத்தில் சக்கர நாற்காலி இடிக்கும். வாசலில் படி இருக்கக்கூடாது. கைப்பிடிக் கம்பியைப் பார்த்தால் மட்டும் போதாது, உங்கள் எடையைக் கொடுத்துத் தொங்குவதுபோல் இழுத்துப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி நடந்து பாருங்கள். கூட வந்த விற்பனைப் பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பிறகு ஆபத்து மணியை அழுத்துங்கள். சொல்லாமல் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யார் வருகிறார்கள், எத்தனை நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். காவலாளி வந்தால் ஒரு பொருள், செவிலியர் ரத்த அழுத்தக் கருவியோடு வந்தால் வேறு பொருள். யாருமே வரவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது மணி ஒலிக்கும் இடத்தில் ஆள் இல்லை.

வெளியே வந்தால் சாய்தளம். ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் கையை விட்டுவிடுவார். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுத்த வாக்கில் போகவேண்டும். உள் ஆழம் ஏறக்குறைய 7 அடி இருந்தால் போகும். நாலு பேர் நிற்கும் லிஃப்டில் நோயாளியை நாற்காலியில் மடக்கித்தான் இறக்குவார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்பதையும் கேளுங்கள்.

மருத்துவமனை தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வார்கள். நீங்கள் நிமிடத்தில் அளக்க வேண்டும், மாலை ஆறு மணி நெரிசலில் நீங்களே வண்டி ஓட்டி. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிறு மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து அவிநாசி சாலையில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அந்த நேரம் போய்விடும். இரவில் சி.டி. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. வளாகத்தின் சொந்த ஆம்புலன்ஸுக்கு இரவில் டிரைவர் உண்டா என்றும் பாருங்கள். வண்டி மட்டும் நிற்கும் இடங்கள் உண்டு.

மேற்குப் பக்கம் மலையடிவாரத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டாமுத்தூர், மருதமலைப் பக்கம் யானை வரும். அதிகாலை இருட்டில் வாக்கிங் போகிற பழக்கம் உள்ளவர் உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

காகிதங்கள்

புதிதாகக் கட்டும் திட்டத்தில் வாங்குவதானால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. கட்டுமானக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் கட்டியவரே பொறுப்பு. ஆனால் சாப்பாடு, செவிலியர், மணி அடித்தால் ஆள் வருவது போன்றவை தனிச் சேவை ஒப்பந்தத்தில் இருக்கும். வீட்டுப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிட்டு இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, கட்டட நிறைவுச் சான்று எல்லாம் எந்த ஃபிளாட்டுக்கும் உள்ளதுதான். கோவையில் கூடுதலாக ஒன்று: மலையடிவாரக் கிராமங்கள் பல ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன. அங்கே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலோடு அந்த அனுமதியும் இருக்க வேண்டும்.

சேவை ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடங்கள் நாலு. முதலாவது, எந்த உடல்நிலையில் "குடியிருப்பவர் வெளியேற வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. "நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்று இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். மருத்துவர் சான்றும் குறைந்தது 60 நாள் அவகாசமும் கேளுங்கள். இரண்டாவது, கட்டண ஏற்றத்துக்கு உச்ச வரம்பு. மூன்றாவது, நடத்தும் நிறுவனம் விலகினால் மெஸ்ஸையும் செவிலியரையும் யார் தொடர்வது, குடியிருப்போர் சங்கம் இருக்கிறதா. நாலாவது மறுவிற்பனை. வாங்குகிறவருக்கும் வயது வரம்பு இருக்கும், பெயர் மாற்றக் கட்டணம் இருக்கும், முதலில் நிறுவனத்துக்கே விற்கக் கேட்க வேண்டும் என்றும் இருக்கும். பிள்ளைகளுக்கு வாரிசாக வீடு வந்தாலும் 55 வயது ஆகாமல் குடியேற முடியாத வளாகங்கள் உண்டு. பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையில் எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் இப்போதே பாருங்கள், மே மாதம் வந்தபிறகு பார்க்காதீர்கள்.

சொந்த வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு, "மாதக் கட்டணத்தை அவன் கட்டுவான்" என்று போகிற பெற்றோர் உண்டு. அப்படியானால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனையிட்டுக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சை வைத்து அங்கே போய் நிற்பது கஷ்டம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-இல் கேட்கலாம்.

அலுவலகத்தில் கடைசியாகக் கேட்க ஒன்று மிச்சம் இருக்கிறது. இறப்பு நேர்ந்தால் குளிர்பெட்டி யார் ஏற்பாடு செய்வார்கள், வளாகத்துக்குள் வைத்துக் காரியம் செய்ய விடுவார்களா? அமெரிக்காவிலிருந்து மகன் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். நல்ல இடங்களில் இதற்கு நிதானமான, தயாரான பதில் இருக்கும்.

தங்கிப் பாருங்கள்

பல வளாகங்களில் விருந்தினர் வீடு வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு நாள் போதாது, அது ஊர் சுற்றல் மாதிரி போய்விடும். ஒரு மாதம் இருங்கள், குறைந்தது இரண்டு வாரம். பழைய வீட்டை அதுவரை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகும் ஆறு மாதம் வைத்திருக்க முடிந்தால் வைத்திருங்கள். தங்கும் நாட்களில் ஒரு நாள் மெஸ்ஸுக்குப் போகாமல், காய்ச்சல் என்று சொல்லி அறைக்குக் கஞ்சி கேட்டுப் பாருங்கள். சூடாக வருகிறதா, அதற்குத் தனிக் கட்டணமா, மறுநாள் யாராவது வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்களா? மதியம் மூன்று மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்து, அங்கே மூன்று நாலு வருடமாக இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். குறைகளை அவர்களே சொல்வார்கள். குறையே இல்லை என்று சொல்கிறவர் அந்த வளாகத்தில் வீடு விற்க முயன்றுகொண்டிருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் அம்மா, அப்பா இருவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், தனித்தனியாக. முக்கியமாக அம்மாவிடம், அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில். "உங்க அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு" என்று பதில் வந்தால் இன்னும் ஒரு முறை கேளுங்கள்.